கூழை இளக்கும் நொதி

கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் கூழ், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைப் போட்டுக் கலக்கிச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கூழ் இளகிக் கஞ்சியாக ஓடும். லேசாக இனிக்கவும் செய்யும். எங்கள் வீட்டில் குழந்தைக்காக இப்படிக் கலக்கியதை முதல்முறை பார்த்தபோது, நான் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

இளக்கியது அமைலேஸ் என்ற நொதி. தானியம் முளைக்கும்போது தன்னிடமுள்ள மாச்சத்தை உடைத்து முளைக்கு ஊட்டுவதற்காக உண்டாக்கும் புரதம் அது. நம் எச்சிலிலும் அமைலேஸ் உண்டு; சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால்தான்.

சரி, அந்த மாவு டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கிறதே, அமைலேஸும் மாச்சத்தும் பக்கத்துப் பக்கத்தில்தானே கிடக்கின்றன? அங்கேயே ஏன் சர்க்கரையாகிவிடவில்லை? வேகாத மாச்சத்து இறுகிய துகள்களாக இருப்பது ஒரு காரணம். பெரிய காரணம், அங்கே போதிய தண்ணீர் இல்லை.

மாச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. மணிக்கும் மணிக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக நிற்கிறது. வெறும் தண்ணீரில் போட்டுவைத்தால் இந்தப் பாலம் தானாக உடைய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அமைலேஸின் உடம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாலை அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளத்தில் காத்திருக்கும் குளுட்டாமிக் அமிலம் (நொதியைக் கட்டியிருக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று) தன் ஹைட்ரஜனைப் பாலத்துக்குக் கொடுக்க, பாலம் அறுகிறது. எதிரே உள்ள இன்னொரு அமினோ அமிலமான அஸ்பார்ட்டிக் அமிலம் அறுந்த முனையைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம்தான் தண்ணீரின் முறை. ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வந்து இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அறுந்த முனையில் ஒட்டி அதை விடுவிக்கிறது. மீதி ஹைட்ரஜன் குளுட்டாமிக் அமிலத்திடம் திரும்புகிறது. நொதி பழையபடி ஆகிவிட்டது, அடுத்த வெட்டுக்குத் தயார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவு. கூழில் இருந்த தண்ணீரே கூழை வெட்டுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நொதி வேலை செய்யும்போது நெகிழ வேண்டும். அந்த நெகிழ்வைத் தருவது அதன் மேல் ஒட்டியிருக்கும் நீர். முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற நொதியை நன்றாக உலர்த்திவிட்டால் விறைத்துக் கிடக்கும். ஒரு கிராம் நொதிக்குச் சுமார் 0.2 கிராம் நீர் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதன் மேற்பரப்பை முழுக்கப் போர்த்தக்கூட அவ்வளவு நீர் போதாது. ஆனால் ஈரத்தோடு சூடு சேர்ந்தால் இதே நெகிழ்வு ஆபத்தாகிறது: நொதி மடிப்புக் கலைந்து கெட்டுவிடும். முளைமாவைக் கொதிக்கும் கூழில் போடாமல் சூடு தணிந்தபின் போடுவது அதனால்தான். உலர்ந்த நொதி இதைவிடத் தாக்குப்பிடிக்கும். 1984-இல் ஜாக்ஸ், கிளிபனோவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பன்றிக் கணையத்தில் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதியை ஏறக்குறைய நீரே இல்லாத கரிமக் கரைப்பானில் போட்டு 100 டிகிரி செல்சியஸில் வேலை வாங்கிக் காட்டினார்கள்.

கூழிலிருந்து வந்த சர்க்கரை கடைசியில் குளுக்கோஸாகி நம் செல்லுக்குள் போகிறது. அங்கே ஹெக்சோகைனேஸ் என்ற நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸில் ஒட்ட வேண்டும். இங்கே தண்ணீர் எதிரி. பாஸ்பேட் தண்ணீரிடம் போனால் ஏடிபி வீண். ஹெக்சோகைனேஸின் இரண்டு மடல்களும் குளுக்கோஸ் உட்கார்ந்ததும் வாய் மூடுவதுபோல மூடி, நீரை வெளியே தள்ளிவிடுகின்றன. தண்ணீரிடம் பாஸ்பேட் போகும் வேகம், குளுக்கோஸுக்குப் போவதைவிடச் சுமார் 40,000 மடங்கு குறைவு. குளுக்கோஸுக்குப் பதில் சைலோஸைக் கொடுத்தால் நொதி ஏமாந்து மூடிக்கொள்ளும். சைலோஸ், குளுக்கோஸைவிட ஒரு கார்பன் குறைந்த சர்க்கரை. மிச்சமான அந்தச் சின்ன இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு புகுந்து பாஸ்பேட்டைத் தட்டிக்கொண்டு போய்விடும்.