ஆங்கிள்சி தீவில் செவ்வணில் மீண்டது எப்படி?

வேல்ஸின் வடமேற்கே உள்ள ஆங்கிள்சி தீவில் 1990களின் கடைசியில் மிஞ்சியிருந்தவை ஏறக்குறைய 40 செவ்வணில்கள். இன்று பல நூறு. இடையில் நடந்தது பெரும்பாலும் கூண்டு வேலைதான்.

பகையாளி சாம்பல் அணில். 1876-இல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கிலாந்தின் செஷயரில் விட்டார்கள். (ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வைத்துக் காக்கும் சாம்பல் நிற அணில் வேறு இனம்.) செவ்வணிலின் எடை சுமார் 300 கிராம்; சாம்பல் அணில் 500-ஐத் தாண்டும். ஓக் கொட்டையை நன்றாகச் செரித்துவிடும், செவ்வணிலுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. அதைவிடக் கொடுமை அணில் அம்மை. சாம்பல் அணில் அந்த வைரஸைச் சுமந்துகொண்டு தெம்பாகத் திரியும். செவ்வணிலுக்குத் தொற்றினாலோ கண், உதடு, விரல்களில் புண் பொருக்குத் தட்டி, தின்ன முடியாமல் இரண்டு வாரத்துக்குள் செத்துப்போகும்.

சாம்பல் அணிலைப் பிடிக்கும் கூண்டை முதல் நாளே பொறியாக வைக்கக் கூடாது. கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, முழுச் சோளமும் சூரியகாந்தி விதையும் போட்டுச் சில நாள் பழக்க வேண்டும். பிறகு பொறி வைத்தால் தினம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். சிக்கியது செவ்வணில் என்றால் அங்கேயே உடனே விடுதலை. சாம்பல் அணிலைத் திரும்ப விடச் சட்டம் இடம் தராது. வலியில்லாமல் கொல்ல வேண்டும். அது இருந்த கூண்டைக் கிருமிநாசினியால் கழுவாமல் மறுபடி வைத்தால், நாமே அம்மையைப் பரப்பியதாகிவிடும். இலையுதிர் காலத்தில் மரமெல்லாம் கொட்டை இருக்கும்போது சோளத்தை யார் சீண்டுவார்கள்? குளிர்காலக் கடைசியும் வசந்தமும்தான் தோது.

கடைசிச் சில சாம்பல் அணில்கள்தான் பெரும்பாடு. அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை முடி காட்டிக்கொடுக்கும். தீனிப்பெட்டியின் நுழைவாயில் மேல்பக்கம் டேப் ஒட்டிவைத்தால், உள்ளே நுழையும் அணிலின் முதுகுமுடி அதில் சிக்கும். நிறத்தை நம்ப முடியாது. சாம்பல் அணிலுக்கும் செம்பட்டை முடி உண்டு. ஆகவே முடியை ஜென்ஷன் வயலட்டில், ஆம், வாய்ப்புண்ணுக்குத் தடவுவோமே அதே ஊதா மருந்தில், நனைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செவ்வணில் முடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. சாயம் அதில் தேங்கிக் கோடாகத் தெரியும். சாம்பல் அணிலின் முடி உருண்டை, கோடு விழாது. கோடில்லாத முடி சிக்கிய இடத்துக்குக் கூண்டு போகும்.

தீனிப்பெட்டியிலும் ஆபத்து உண்டு. பல அணில்கள் ஒரே இடத்தில் வாய் வைப்பதால் வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். நோயுள்ள அணில் கண்ணில் பட்டால் பெட்டியையே எடுத்துவிட வேண்டும்.

தீவை வேல்ஸ் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் மெனாய் நீரிணை நல்ல அகழிதான். ஆனால் அதன்மேல் இரண்டு பாலங்கள் இருக்கின்றன. அதனால் எதிர்க்கரையில், பாங்கர் நகரப் பக்கத்துக் காடுகளிலும் கூண்டு வைத்தாக வேண்டும்.