முதலில் பறவை, பிறகு வெடிச்சத்தம்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டை தொடங்கும். சீனாவிலிருந்து வந்து இங்கேயே பெருகி, இந்த மாநிலத்தின் பறவையாகவே ஆகிவிட்ட வண்ணக்கோழி அது. வேட்டை நெருங்க நெருங்க, கால்நடை மருத்துவரான என்னிடம் இளம் வேட்டை நாய்கள் வரிசையாக வரும். தடுப்பூசிக்கு வருபவை பாதி. மீதியில் சிலவற்றை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

போன செப்டம்பரில் ஏழு மாத ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் குட்டி ஒன்று வந்தது. பறவை இருக்கும் இடத்தை அசையாமல் நின்று காட்டும் வேட்டை நாய் இனம் அது. நல்ல வம்சம், நல்ல உடம்பு. என் உதவியாளர் கையிலிருந்து ஒரு இரும்புத் தட்டு நழுவி விழுந்ததும், குட்டி மூலையில் போய் ஒடுங்கி அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டது. நடந்ததை உரிமையாளர் சொன்னார். துப்பாக்கிச் சத்தம் பழகட்டும் என்று குட்டியைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், வண்டியின் பம்பரில் கட்டிவைத்துவிட்டு அரை மணி நேரம் சுட்டிருக்கிறார். அன்று முதல் துப்பாக்கிப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறதாம்.

"டாக்டர், இவன் பயந்தாங்கொள்ளியாவே பிறந்துட்டானா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

வெடிக்கு மிரளும் சுபாவத்தில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் என்னிடம் வந்த குட்டிகளில் பெரும்பாலானவற்றை மிரள வைத்தவர்கள் நாம்தான். ஷாட்கன் வெடிக்கும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். மனிதக் காதுக்கு 140-லேயே வலிக்கும். நமக்குக் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். அப்படிப்பட்ட காதுள்ள குட்டியை, ஓடவும் முடியாமல் கட்டிப்போட்டு, எதற்கென்றே புரியாத இடியை மறுபடி மறுபடி கேட்க வைத்தால் அது எதைப் பழகும்? பயத்தைத்தான் பழகும்.

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் குட்டிக்குப் பறவைப் பைத்தியம் பிடிக்க வைப்பார்கள். முதலில் ஒரு புறா இறக்கையை வைத்து விளையாட்டு. பிறகு புல்வெளியில் மோப்பம் பிடிக்க விடுவது. அப்புறம் உயிருள்ள புறா. தன் கூட்டுக்கே திரும்பிப் பறந்துவிடும் வீட்டுப் புறாக்களைத்தான் இதற்கு வளர்க்கிறார்கள். புறா எழும்பியதும் குட்டி உலகத்தையே மறந்து துரத்த வேண்டும். கூப்பிட்டாலும் காதில் விழாத அந்த வெறி வரும்வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அவசரப்பட்டு எதையும் சாதிக்க முடியாத கட்டம் இது.

அதன் பிறகுதான் முதல் வெடி. குட்டி துரத்திக்கொண்டிருக்கும்போது, 80, 90 மீட்டர் தள்ளி நிற்கும் உதவியாளர், ஓட்டப்பந்தயத்தில் சுடுவது போன்ற சிறிய வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியால் ஒரே ஒருமுறை சுட வேண்டும், அதுவும் நாய்க்கு எதிர்த்திசையில். நீங்கள் பார்க்க வேண்டியது குட்டியை மட்டும்தான். காதை லேசாகத் திருப்பிவிட்டுத் துரத்தலைத் தொடர்ந்தால் சரி. வால் இறங்கினாலோ, நின்று திரும்பிப் பார்த்தாலோ, உங்கள் காலடிக்கு வந்தாலோ, வண்டியை நோக்கி நடந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த முறை இன்னும் தள்ளி நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வெடி போதும். தூரத்தைப் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஷாட்கனுக்கு மாறும்போது மறுபடியும் பழைய தூரத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

சாப்பிடும்போது பக்கத்தில் தட்டைத் தட்டிப் பழக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் குட்டி சோற்றுக் கிண்ணத்துக்கே பயப்பட ஆரம்பித்துவிடும். பறவை விஷயத்திலும் அதே ஆபத்து உண்டு. மிரண்ட குட்டியை வைத்துக்கொண்டு மேலும் மேலும் சுட்டால், பறவையின் வாசனை வந்தாலே அது விலகிப் போகும். வெடிக்கு மட்டும் பயப்படும் நாயைவிட இப்படிப்பட்ட நாயை மீட்பது எனக்குப் பல மடங்கு கடினமாக இருந்திருக்கிறது.

மிரண்ட குட்டியைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்ற பேச்சை நம்பாதீர்கள். பயம் ஓர் உணர்ச்சி. அன்பு காட்டுவதால் அது அதிகமாகாது. நாயை மந்தமாக்கும் அசெப்ரோமசின் மாத்திரையை மட்டும் கொடுத்து நாயை அடக்குவதும் வேண்டாம். உடம்பு அசையாமல் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பயத்தையே தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஈறில் தடவும் டெக்ஸ்மெடிட்டோமிடின் ஜெல் அவற்றில் ஒன்று. எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் தீபாவளிக்கு முன் மதுரையிலிருந்து அக்கா கூப்பிட்டு, "லாப்ரடார் குட்டிக்கு வெடிச்சத்தம் பழகணும், மாடிக்குக் கூட்டிப் போகட்டுமாடா?" என்று கேட்டபோது நான் பதறிப்போனேன். மாடியும் சுடுதளமும் குட்டிக்கு ஒன்றுதான். ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, பிடித்த தீனியோடு கூடவே இருங்கள் என்றேன். பழக்குவதென்றால் பல மாதம் முன்பே, பதிவுசெய்த வெடிச்சத்தத்தை மிக மெல்லிய ஒலியில் வைத்து, குட்டி விளையாடும்போது தொடங்க வேண்டும்.

அந்தப் பாயிண்டர் குட்டிக்கு இந்தப் பருவம் முழுக்கத் துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உரிமையாளர் கேட்டுக்கொண்டார். நீளக் கயிற்றோடு வயல்வெளியில் நடக்க மட்டும் கூட்டிப்போனார். நவம்பரில் ஒரு படம் அனுப்பினார்: காய்ந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நேராக நீட்டி அது பறவையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கதவு அறைந்து சாத்தினால் இன்னும் நடுங்குகிறதாம். வசந்தத்தில் தொண்ணூறு மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கலாமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.