முகத்துக்கு முன்னால் காதைப் பாருங்கள்

பெங்களூர் அல்சூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் நம் தமிழ்க்காரர்கள் நிறைய. காது சோதனைதான் என் தொழில். அன்று வந்த பாட்டி உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார், "கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று. மருமகள் பதில் பேசவில்லை, மடியில் இருந்த 8 மாதக் குழந்தையின் தொப்பியை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றினால் இரண்டு பக்கமும் காது மடல் சின்ன மொட்டு மாதிரி, துளையே இல்லை. கண்ணின் வெளி ஓரம் கீழே சரிந்திருந்தது, கன்ன எலும்பு எழும்பவில்லை, தாடையும் சின்னது.

ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோம். 1900இல் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேயக் கண் மருத்துவரின் பெயர் அது. ஏறக்குறைய 50,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பெரும்பாலும் டிசிஓஎஃப்1 என்ற மரபணுவில் உண்டாகும் மாற்றம்தான் காரணம். கருவின் ஆரம்ப வாரங்களிலேயே முகத்து எலும்பாக மாறவேண்டிய செல்கள் குறைந்துபோகின்றன. கிரகணம், பப்பாளி எதற்கும் இதில் பங்கில்லை. பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இந்த மாற்றம் புதிதாக வருவது, மற்றவர்களுக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவது. இந்த வீட்டில் அப்பாவுக்கு இருந்தது, முகத்தைப் பார்த்தால் தெரியாத அளவுக்கு லேசாக. மரபணுச் சோதனை முடிவு வந்தபிறகு பாட்டி கிரகணத்தை விட்டுவிட்டார், மகனைத் திட்டவும் இல்லை! இப்படி அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு இருப்பதால், மரபணு ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. முன்பு பார்த்த இடத்தில், "ஆறேழு வயசாகட்டும், ஆபரேஷன்ல காது வெச்சுடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விலா எலும்புக் குருத்தெடுத்து மடல் செய்ய அந்த வயது ஆகவேண்டும், சரி. ஆனால் மடல் வேறு, கேட்பது வேறு. அதுவரை குழந்தை எதைக் கேட்டுப் பேசும்? இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் உள்காது நன்றாகவே இருக்கும், ஒலி உள்ளே போகத்தான் வழி இல்லை. மெத்தென்ற தலைப்பட்டையில் ஒரு சின்னக் கருவியைக் கோத்துக் கட்டினால், அதன் அதிர்வு மண்டை ஓட்டு எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்விடும். ஆபரேஷன் தேவையில்லை, சில மாதக் குழந்தைக்கே போடலாம். துளை இல்லாத காதில் பிறந்தவுடன் செய்யும் சாதாரணச் சோதனை நடக்காது, எலும்பு வழியாக ஒலி கொடுத்து, கேட்கும் நரம்பும் மூளையும் அதற்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) சோதனை கேளுங்கள். 3 மாதத்துக்குள் கண்டுபிடித்து, 6 மாதத்துக்குள் கருவி போடுவதுதான் கணக்கு. இவர்கள் தாமதம்தான், இருந்தாலும் கருவி மாட்டிய நாலாம் நாள் அந்தப் பெண் போன் பண்ணி, "குக்கர் விசிலுக்கு அழுதான் மேடம்" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

அப்புறம், தாடை சின்னதாக இருந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். தூங்கும்போது குறட்டை, பால் குடிக்கையில் திணறல் என்றால் காதுக்கும் முன்னால் அதைக் காட்டுங்கள், உடனே. மூளை வளர்ச்சி பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான், முகத்தைப் பார்த்து 'மந்தம்' என்று முடிவுகட்டும் டீச்சர்களுக்கு நானே லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெங்களூரில் எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வியை இவரும் கேட்டார்: "தமிழா, கன்னடமா, இங்கிலீஷா, எதுல பேசணும்?" வீட்டில் சண்டை போடும் மொழியிலேயே பேசுங்கள் என்றேன். கன்னடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தானாக வந்துவிடும். பாட்டி அதற்குள் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "குளிப்பாட்டறப்ப மட்டும் கழட்டலாமில்ல?" என்றார்.