மாத்திரையை எடுத்துக்கொண்டேன், பிறகு?

மருந்துப் பெட்டிக்குள் நான்காக எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை மொழிபெயர்ப்பது என் தொழில். எழுதி முடித்தவுடன் அதை அச்சுக்கு அனுப்பிவிட முடியாது. மருத்துவத்தோடு தொடர்பில்லாத சிலரை அழைத்து, தாளைக் கையில் கொடுத்து, அதில் சொன்னபடி செய்துகாட்டச் சொல்வோம். அப்படி ஒருநாள் வந்திருந்த அம்மாவுக்கு 65 வயதிருக்கும். நெஞ்சுவலி வரும்போது நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டிய மாத்திரை அது. சோதனைக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரைகளைச் சிறிய புட்டியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தோம்.

“இப்போது உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. தாளைப் பார்த்து, என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்” என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்: “நெஞ்சுவலி வந்தவுடன் ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளவும்.” புட்டியைத் திறந்தார். ஒன்றை உள்ளங்கையில் தட்டினார். மூடியைத் திருகி மூடினார். மாத்திரையை விரல்களுக்குள் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்துக்கொண்டேன் தம்பி. பிறகு?”

அவர் வரியைச் சரியாகத்தான் படித்திருந்தார். அதில் இருந்ததைத்தான் செய்திருந்தார். நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் வாக்கியம் நான்கு வரி தள்ளி, மருந்தின் அளவைச் சொல்லும் பத்திக்குள் புதைந்து கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அதுவரை படித்துப் போகமாட்டார். படிக்காமல் பழக்கத்தில் தண்ணீரோடு விழுங்கிவிட்டாலும் ஆபத்துதான். விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது; இந்த மாத்திரையில் உள்ள மருந்தான கிளிசரில் ட்ரைநைட்ரேட்டின் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் அது கல்லீரல் வழியாகப் போகாமல் சில நிமிடங்களில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. மருந்து வேலை செய்யுமா என்பது, வாய்க்குள் போனதும் அந்த மாத்திரைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தது. என் வரியோ அதை வாய்வரைகூடக் கொண்டுபோகவில்லை.

ஆங்கில மூலத்தில் இருந்தது ‘டேக்’ என்ற ஒரே ஒரு வினை. நான் அதற்கு ‘எடு’ போட்டிருந்தேன்.

‘எடு’ என்பது தமிழில் எப்படிப்பட்ட சொல் என்று அன்று மாலை உட்கார்ந்து யோசித்தேன். பல் எடுக்கிறோம், தையல் எடுக்கிறோம், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிறோம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்கிறோம், குழந்தை வாந்தி எடுக்கிறது என்கிறோம். மருத்துவமனைக்குள் புழங்கும் ‘எடு’ பெரும்பாலும் உடம்பிலிருந்து வெளியே போவதைத்தான் சொல்கிறது. உள்ளே அனுப்ப வேண்டிய ஒன்றுக்கு அதே வினையைப் பொருத்தினால், படிப்பவர் சூழ்நிலையைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. துணைவினை மாறினால் இன்னும் சிக்கல். “சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டார்” என்றால் விழுங்கினார். “சர்க்கரை மாத்திரையை எடுத்துவிட்டார்” என்றால் மருத்துவர் அதைச் சீட்டிலிருந்து நீக்கிவிட்டார். நடுவே சில எழுத்துகளின் மாற்றம்தான். பேச்சில் யாரும் இதில் தடுக்கி விழுவதில்லை. எதிரில் ஆள் இருக்கிறார், குரல் இருக்கிறது, கை சாடை இருக்கிறது. தாளில் இவை எதுவும் இல்லை.

நம் பேச்சில் மாத்திரைக்கு உள்ள வினைகள் வேறு: மாத்திரை போடு, மாத்திரை சாப்பிடு, மாத்திரையை விழுங்கு. ‘எடுத்துக்கொள்’ என்பது ஆங்கிலத் தாள்கள் வழியாக வந்து, மரியாதையான எழுத்துநடைபோல் தோற்றம் காட்டி நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம். ‘உட்கொள்’ அதைவிடப் பல மடங்கு நல்ல சொல். உள்ளே என்ற திசை அதற்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மானியரின் ‘ஐன்னேமென்’, ஹங்கேரியரின் ‘பெவென்னி’ இரண்டும் இதே கட்டுமானம்தான்: முன்பாதி ‘உள்’, பின்பாதி ‘எடு, கொள்’. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிக் குடும்பங்கள் ஒரே குறையைக் கண்டு ஒரே விதமாகச் சரிசெய்திருக்கின்றன.

மற்ற மொழிகளைப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. சீனர் மருந்தைத் தின்கிறார்கள். அவர்கள் வினை ‘ச்சி’. கொரியரும் தாய்லாந்து மக்களும் அப்படியே. வியட்நாமியர் குடிக்கிறார்கள், இந்தோனேசியர் குடிக்கிறார்கள், துருக்கியர் குடிக்கிறார்கள், சிங்களத்திலும் மருந்தைக் குடிப்பதுதான் வழக்கு. சுவாஹிலியில் குடிக்கவும் செய்யலாம், விழுங்கவும் செய்யலாம். ரஷ்யர் வீட்டுப் பேச்சில் மாத்திரையைக் குடிப்பார்கள். மருந்துத் தாளில் அதை ‘ஏற்றுக்கொள்வார்கள்’. ஸ்பானிய ‘தோமார்’ எடுப்பதற்கும் குடிப்பதற்கும் பொது. இந்தியில் மாத்திரை என்றால் தின்பது, மருந்துத் தண்ணீர் என்றால் குடிப்பது, இரண்டுக்கும் பொதுவாக ‘லேனா’. வங்காளத்திலும் பாரசீகத்திலும் தின்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே வினைதான் என்பதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தெலுங்கர் நம்மைப்போலவே மாத்திரையைப் ‘போட்டுக்கொள்கிறார்கள்’.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய ‘நொமு’. அகராதி அதற்குக் ‘குடி’ என்று பொருள் சொல்லும். தண்ணீர், தேநீர், மருந்து எல்லாவற்றுக்கும் அதே வினை. மாத்திரை திடப்பொருள்தானே, அதை எப்படிக் குடிப்பது என்று தோன்றும். ஆனால் பாம்பு தவளையை முழுசாக விழுங்குவதற்கும் ஜப்பானியர் ‘நொமு’ என்பார்கள். அவர்கள் கோடு போட்ட இடம் திடம், திரவம் என்பதில் இல்லை. மெல்லுவதற்கு ஒரு வினை, மெல்லாமல் தொண்டைக்குள் இறக்குவதற்கு ஒரு வினை. ஆகவே ஒரு ஜப்பானியத் தாய் மகனிடம் “மருந்தை நொமு” என்று சொல்லும்போதே, மெல்லாதே என்பதும் அந்தச் சொல்லோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நம் ‘சாப்பிடு’வில் அந்தக் காவல் இல்லை. நாம் சாப்பிடும் பெரும்பாலானவற்றை மென்றுதான் சாப்பிடுகிறோம். பல மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளிவிடும்படி செய்த மாத்திரைகள் உண்டு. அவற்றை மென்றால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணை உண்டாக்கக்கூடியது. ஒரு முழுக் குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் படுக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் “சாப்பிடவும்” என்று எழுதி நிறுத்துவது போதாது. “மெல்லாமல், முழுதாக, தண்ணீரோடு விழுங்கவும்” என்று எழுதினால் மூன்று சொல் கூடும். தாளில் இடமில்லை என்று வடிவமைப்பாளர் கோபிப்பார். அந்தக் கோபத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.

மறுதிசையிலும் இதே இடர் உண்டு. இந்தோனேசியத் தாளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் “மாத்திரையைக் குடிக்கவும்” என்று வந்து நிற்கும். பொடித்துக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்களோ என்று நினைப்பவரைக் குறைசொல்ல முடியுமா? கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டி மருந்துத் தாளைப் படம்பிடிப்பவர்கள் இன்று ஏராளம். சொல் சரியாக வந்திருக்கும், செயல் தவறியிருக்கும். அப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க வாக்கியத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு மருந்தோடும் நோயாளிக்கான தாள் இருப்பது சட்டக் கட்டாயம். அங்குள்ள ஆட்சிமொழிகளுக்கு ஒரே மாதிரிப் படிவம் வைத்திருக்கிறார்கள். அதன் மூன்றாம் தலைப்பு ‘இந்த மருந்தை எப்படி உட்கொள்வது’ என்றும் இருக்கலாம், ‘எப்படிப் பயன்படுத்துவது’ என்றும் இருக்கலாம். மருந்துக்கு ஏற்ற வினையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாய்வழியே உள்ளே போவதற்கு ஜெர்மானியர் ‘ஐன்னேமென்’ போடுவார்கள். களிம்புக்கும் சொட்டு மருந்துக்கும் ‘அன்வெண்டென்’ போடுவார்கள். எளிய பிரிவினைதான். ஆனாலும் ஆசனவாயில் வைக்க வேண்டிய மருந்தை ஒருவர் வாயில் போட்டுவிடும் வாய்ப்பு தலைப்பிலேயே அடைபடுகிறது. எழுதிய தாளை நோயாளிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டே ஆகவேண்டும் என்பதும் 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அங்கே சட்டமாகிவிட்டது. அந்த அம்மா என் எதிரில் செய்துகாட்டியதைப் போன்ற ஒன்றைப் பார்த்தவர்கள்தான் அந்த விதியை எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மொழிபெயர்ப்பே இல்லாத இடத்திலும் வினை வழுக்கும். மூச்சுக் கோளாறுக்கான டியோட்ரோபியம், ஃபார்மோடெரால் மருந்துகள் கேப்சூல் வடிவிலும் வருகின்றன. அந்தக் கேப்சூலைத் தனிக் கருவிக்குள் வைத்துத் துளைத்து, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். பலர் அதை விழுங்கிவிட்டார்கள். 2008-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்காகவே பொது எச்சரிக்கை விடுத்தது. கேப்சூல் என்றாலே விழுங்கும் பொருள் என்று கை பழகியிருக்கிறது. ‘டேக்’ என்ற வினை அந்தப் பழக்கத்தைத் தடுப்பதற்கு ஒன்றும் செய்வதில்லை. இப்படிப்பட்ட தாளில் நான் முதல் வரியிலேயே “விழுங்கக் கூடாது” என்று எழுதுகிறேன். செய்யக்கூடாததை முதலில் சொல்வது நடையழகுக்கு ஒவ்வாததுதான். ஆனாலும் எழுதுகிறேன்.

வினையை அடுத்து வரும் எண்ணும் தொல்லை தரும். ஆங்கிலத்தில் ‘ஒருமுறை’ என்பதற்கான once என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினால், ஸ்பானிய மொழியில் அது பதினொன்று. ஸ்பானியம் படிக்கத் தெரிந்தவர் கையில் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த சீட்டு போய்ச் சேர்ந்தால் “நாளொன்றுக்கு 11” என்று அவர் கண்ணில் படக்கூடும். ஜப்பானியச் சீட்டில் ‘ஷொக்கான்’ என்று இருக்கும். இரண்டு வேளை உணவுக்கு இடைப்பட்ட நேரம், அதாவது சாப்பிட்டு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்து என்று பொருள். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, சாப்பாட்டுக்கு நடுவிலேயே மருந்தை விழுங்குபவர்கள் அங்கேயும் உண்டு.

2006-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வை என் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். ஆங்கிலம் பேசும் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளின் சீட்டைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, “இரண்டு மாத்திரைகள், வாய்வழியாக, நாளொன்றுக்கு இருமுறை”. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக்காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்குச் செய்யத் தெரியவில்லை. நான்கு மாத்திரை என்ற விடை சீட்டில் எங்கும் எழுதப்படவில்லை. நோயாளி பெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “காலையில் 2, இரவில் 2” என்று எழுதினால் அந்தக் கணக்கே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்களைவிட அதிகமாக மருந்தை மொழிபெயர்ப்பவர்கள் மகன்களும் மகள்களும்தான். மருத்துவர் ஒரு மொழியில் சொல்கிறார், அம்மாவுக்கு அது புரியாது, கூட வந்த பிள்ளை “இதை மூன்று வேளை எடுத்துக்க வேண்டுமாம்” என்று சொல்லி முடித்துவிடுகிறது. அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: அந்த வினையை அப்படியே கடத்தாதீர்கள். விழுங்குவதா, மெல்லுவதா, சப்புவதா, நாக்குக்கு அடியில் வைப்பதா, கரைத்துக் குடிப்பதா, மூச்சில் இழுப்பதா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, அந்தச் செயலின் பெயரைச் சொல்லுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எந்தத் தாயும் “புரிந்தது” என்றுதான் சொல்வாள், பிள்ளையைச் சிரமப்படுத்த அவளுக்கு மனம் வராது. “நாளைக் காலையில் இதை எப்படிப் போடுவாய், காட்டு” என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் இந்த அரை நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தத் தாளை நான் மறுபடி எழுதினேன். ‘எடு’ என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை. “உட்காருங்கள். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். அது தானாகக் கரையட்டும். மெல்லாதீர்கள், விழுங்காதீர்கள். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.” இரண்டு வாரம் கழித்து அதே அம்மாவையும் வரச்சொன்னோம். நின்றபடியே தாளை வாங்கியவர், முதல் சொல்லைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புட்டியைத் திறந்து ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து உதட்டை மூடிக்கொண்டார். நான் வழக்கம்போல “அடுத்து என்னம்மா?” என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டி, எனக்குப் பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார்.