தலையசைப்பு, "வாயு", நீல டிக்: மருத்துவரிடம் எது வந்து சேர்கிறது?

பொது மருத்துவராக நான் அன்றாடம் சந்திக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர், நான் சொல்லி முடித்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறார்கள். அந்தத் தலையசைப்பில் பணிவு இருக்கிறது, மறுத்துப் பேச விருப்பமில்லை என்பதும் இருக்கிறது. ஆனால், மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது புரிந்ததா என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபிகூடக் குடிக்கக் கூடாது என்று விளக்குவேன். அடுத்த முறை இரத்தப் பரிசோதனை முடிவோடு வரும்போதுதான், இத்தனை நாளும் அந்த மாத்திரை காலைக் காபியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது தெரியவரும்.

இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படித்தவர் முன்னால் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்றுதான் நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்காரும் முதியவர் என் முகத்தைப் பார்த்துப் பேசாததற்கும் அதுவே காரணம். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டும் இளம் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆகவே "புரிந்ததா?" என்று நான் கேட்பதில்லை, அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. "வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னார்னு மருமகள் கேட்டா என்ன சொல்வீங்கம்மா?" என்று கேட்டால், அந்த அம்மா தம் சொந்தச் சொற்களில் சொல்லத் தொடங்குவார், எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். நோயாளியைத் திரும்பச் சொல்லவைக்கும் இந்த முறை மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டதுதான். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில்தான் அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

கேட்கும் பக்கத்திலும் குறை உண்டு. அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 18 நொடிகளிலேயே மருத்துவர் குறுக்கிட்டுவிடுவது பதிவாகியிருந்தது. அன்று மேசையில் கணினி இல்லை. இன்று நோயாளி பேசப் பேச மருத்துவரின் கண் திரையில் இருக்கிறது, தட்டச்சு ஓடுகிறது. என் அறையில் திரையைப் பக்கவாட்டில் திருப்பி, இருவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன்.

உடல்மொழியைப் பற்றிய பயிற்சி வகுப்புகளில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ஒரு கணக்கைச் சொல்லித்தருகிறார்கள். அது உளவியலாளர் ஆல்பர்ட் மெக்ரேபியன் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. ஒருவரின் சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது அவருடைய விருப்பு வெறுப்பை எப்படி எடைபோடுகிறோம் என்பதற்கு மட்டுமே அந்தக் கணக்கு உரியது. "காலையில் பாதி, இரவில் ஒன்று" என்று சொல்லும்போது சொற்களே முழுப் பொறுப்பையும் சுமக்கின்றன.

ஆனால் உடல் சொல்வதை விட்டுவிடவே கூடாத ஓர் இடம் நெஞ்சுவலி. அமெரிக்க இதயநோய் வல்லுநர் சாமுவேல் லெவின் கவனப்படுத்திய அடையாளம் ஒன்றுண்டு: இதயத்துக்கு இரத்தம் குறைவதால் வலிக்கும்போது, வலி எங்கே என்று கேட்டால் நோயாளி மூடிய கைமுட்டியையோ விரித்த உள்ளங்கையையோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டக்கூடும். அப்படிக் காட்டவில்லை என்பதால் இதயநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். ஆனால் கை அப்படிப் போனால் நான் அடுத்த கேள்விக்கு முன்பே இசிஜி எடுக்கச் சொல்லிவிடுவேன், வாய் என்ன சொன்னாலும் சரி. ஏனென்றால் வாய் பெரும்பாலும் "வாயு பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்கிறது. நெஞ்சில் எது நேர்ந்தாலும் அதை வாயுவின் கணக்கில் எழுதி, சோடாவோ இஞ்சிச் சாறோ குடித்துப் பார்ப்பது நம் வீடுகளில் ஆழப் பதிந்த பழக்கம்.

இந்தப் பழக்கத்தோடு கைபேசி சேரும்போது ஆபத்து கூடுகிறது. ஊரில் அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர் அம்மாவிடம் "வாயு" என்கிறார். அம்மா சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். மகன் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் "அப்பாவுக்கு கேஸ் ட்ரபிள், என்ன மாத்திரை தரலாம்?" என்று அனுப்புகிறார். நெஞ்சின் மேல் இருந்த கை முதல் வாக்கியத்திலேயே காணாமல் போய்விட்டது. வியர்த்த நெற்றியும், பேச்சுக்கு நடுவே வாங்கிய மூச்சும் அடுத்தடுத்து உதிர்ந்துவிட்டன. கடைசியில் என் திரைக்கு வந்து சேர்வது நோயாளியின் சொந்த ஊகம் மட்டுமே.

தொழில்நுட்பத்தை நான் பழிக்கவில்லை. இந்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் அனுமதிக்கின்றன. ஆனால் மூன்றும் சமமானவை அல்ல. குரல் அழைப்பில்கூட, நோயாளியால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிகிறதா என்று கேட்டுவிடலாம். எழுத்தில் அதுவும் இல்லை. 2014-இல் வாட்ஸ்அப்பில் வந்த நீல டிக், செய்தி திறக்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். நான் எழுதிய அறிவுரைக்குப் பதிலாக வரும் கும்பிடும் கைகளின் படமும் அறைக்குள் பார்க்கும் அதே தலையசைப்புதான். அதனால் மருந்தளவை மாற்றும்போது, மாற்றிய அளவைத் தம் குரலில் பதிவுசெய்து திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். பெற்றோரின் உடல்நிலையைப் பற்றிப் பேசும்போது நோயாளியையே பேசச் சொல்லுங்கள், முடிந்தால் காணொளியில். "எங்கே வலிக்குதுப்பா, கையை வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் திடீரென்று வந்தால், மருத்துவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு நீல டிக் விழுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாரடைப்பாக இருந்தால், இரத்தக்குழாயில் அடைப்பு நீடிக்க நீடிக்க இதயத் தசை சிறிது சிறிதாக இறந்துகொண்டிருக்கும். அருகிலிருப்பவரிடம் தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் "வாயு" என்ற சொல்லைத் தவிர்த்து, "நெஞ்சு அடைக்கிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், வந்து சேர்ந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டிய நோயாளி இவர் என்பது வாசலில் இருக்கும் செவிலியருக்கே தெரிந்துவிடும்.