டிபி குணமான பிறகும் ரத்தம் ஏன் ‘பாசிட்டிவ்’ என்கிறது?

ஆறு மாத மாத்திரை முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை, எடையும் ஏறிவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாமே என்று லேபில் ‘டிபி கோல்டு’ என்ற ரத்தச் சோதனை எடுத்தால் பாசிட்டிவ்! ஏற்கெனவே எச்.ஐ.வி. மருந்தும் சாப்பிடுபவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஆனால் அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை.

நான்கு சிறு குழாய்களில் தலா ஒரு மில்லி ரத்தம் எடுப்பார்கள். இரண்டு குழாய்களின் உட்சுவரில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற காசநோய்க் கிருமிப் புரதங்களின் துணுக்குகள் பூசப்பட்டிருக்கும். பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இவை கிடையாது; சின்ன வயதில் போட்ட ஊசி முடிவைக் குழப்பாது. 37 டிகிரி சூட்டில் 16 முதல் 24 மணி நேரம் வைத்தால், இந்தக் கிருமியை முன்பே சந்தித்திருக்கும் டி செல்கள் (எதிர்ப்புச் சக்தி தரும் ஒருவகை வெள்ளையணுக்கள்) துணுக்குகளை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். எதுவும் பூசாத மூன்றாவது குழாயின் அளவைக் கழித்தபின் அந்தப் புரதம் மில்லிக்கு 0.35 யூனிட்டைத் தொட்டால், பொதுவாக அது பாசிட்டிவ். கிருமி செத்தாலும் அந்தச் செல்களின் ஞாபகம் பலருக்கு வருடக்கணக்கில் போகாது. அதனால்தான் சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இந்தச் சோதனை உதவாது.

எச்.ஐ.வி.யில் இன்னொரு சிக்கல். அந்த வைரஸ் தாக்கும் சிடி4 என்ற வகை டி செல்கள் குறைந்துவிட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. நான்காவது குழாயில் டி செல்களைப் பொதுவாகத் தூண்டிவிடும் ஒரு பொருள் இருக்கும். அதற்கும் ரத்தம் அசையாவிட்டால் ‘இன்டிடெர்மினேட்’ என்று அச்சாகும். டிபி உண்டு என்றோ இல்லை என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. ஏஆர்டி எனும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் சிடி4 ஏறியபின், முன்பு நெகட்டிவாக இருந்தவருக்குப் பாசிட்டிவ் வரலாம். எதிர்ப்புச் சக்தி திரும்பியதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். 0.35-ஐ ஒட்டிய எண்கள் மறுமுறை எடுக்கும்போது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வதும் சகஜம். ரிப்போர்ட்டில் வார்த்தையை மட்டும் படிக்காமல் எண்ணையும் பாருங்கள்.

நோய் திரும்பியதா என்று சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியது சளிப் பரிசோதனை, முக்கியமாகச் சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். சளியில் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைகூடச் செத்த கிருமியின் டிஎன்ஏவைப் பிடித்துவிடக்கூடும். கல்ச்சரில் உயிருள்ளது மட்டுமே வளரும்.

என்னைக் கேட்டால், பாசிட்டிவ் தரும் வீண் பயத்தைவிட நெகட்டிவ் தரும் நிம்மதிதான் ஆபத்து. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்வை, இதில் ஒன்று இருந்தாலும் ‘டிபி கோல்டு நெகட்டிவ்தானே’ என்று வீட்டில் இருக்காமல் ஏஆர்டி மையத்தில் சொல்லிவிடுங்கள்.