ஆல்டர்னேட்டர்: மாறுவது எது, மாற்றுவது எது?

மிதிவண்டி டயரில் உரசிச் சுழன்று முன்விளக்கை எரித்த அந்தச் சின்னக் குப்பியை நாம் டைனமோ என்றோம். காரில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் உருண்டையையும் பல பட்டறைகளில் இன்றுவரை டைனமோ என்றே சொல்கிறார்கள். பொறியியல் வழக்கில் டைனமோ என்பது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டத்தைத் தரும் இயந்திரம். அந்தக் கணக்குப்படி மேலே சொன்ன இரண்டுமே டைனமோ அல்ல, ஆல்டர்னேட்டர்.

இந்தப் பெயர்க் குழப்பம் தரையில் யாருக்கும் தொல்லை தருவதில்லை. தம் விமானத்தைத் தாமே கட்டிக்கொள்கிறவர்களுக்கு அது தொல்லை தரும். அமெரிக்காவில் இது பெரிய இயக்கம். அதற்கென்றே ஒரு சங்கம் 1953இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்டது. விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருந்தால், அதைச் சோதனை வகை விமானமாகப் பதிந்து பறக்கலாம். சான்றிதழ் பெற்ற உதிரிபாகம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், கார்க் கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டரையும் பூட்டலாம். சுசுகி சமுராய் ஜீப்பின் ஆல்டர்னேட்டர் அங்கே பல விமானங்களில் பறந்திருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது என்ன என்பது தெரிந்தாக வேண்டும். அதற்கு நல்ல வாசல் இந்தச் சொல்லே.

லத்தீனில் ‘ஆல்டர்’ என்றால் இரண்டில் மற்றொன்று. அதிலிருந்து ‘ஆல்டர்னஸ்’, ஒன்றுவிட்டு ஒன்று. அதன் வினைவடிவத்துக்கு, இதையும் அதையும் முறைவைத்துச் செய்வது என்று பொருள். தமிழில் ‘மாறி மாறி’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். கம்பிச் சுருளின் முன்னே காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறி வந்துபோனால், சுருளில் பாயும் மின்னோட்டமும் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை என்று திசை மாறும். அப்படிப்பட்ட மின்சாரத்தைத் தருவதால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத்துக்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர் வந்தது.

இயந்திரம் பெயரை விட மூத்தது. மின்தூண்டலை 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தார். மறு ஆண்டே பாரிசில் கருவிகள் செய்துவந்த ஹிப்போலிட் பிக்ஸீ, கைப்பிடியால் காந்தத்தைச் சுழற்றும் ஒரு பொறியைச் செய்தார். அதில் மின்னோட்டம் திசை மாறி மாறி வந்தது. அன்றைக்கு அது குறையாகவே தெரிந்தது. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி பிக்ஸீ அதில் ஒரு திசைமாற்றியைச் சேர்த்து, மின்னோட்டத்தை ஒரே திசைக்குக் கொண்டுவந்தார். அதாவது டைனமோவுக்கு முன்பே பிறந்தது ஆல்டர்னேட்டர். பிறந்த கையோடு திருத்தப்பட்டதுதான் டைனமோ.

காரும் சிறு விமானமும் நெடுங்காலம் அந்தத் திசைமாற்றி வைத்த ஜெனரேட்டரோடுதான் ஓடின. அதில் விளையும் மின்சாரம் முழுவதும், சுழலும் செப்புப் பட்டைகளில் உரசும் கார்பன் துண்டுகள் வழியாகவே வெளியே வரவேண்டும். பொறி பறக்கும், கார்பன் தேயும், எஞ்சின் மெதுவாக ஓடினால் சார்ஜ் ஏறாது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் சிலிக்கான் டையோடு மலிவானதும் நிலைமை தலைகீழானது. 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்தது. இதில் காந்தம் சுழல்கிறது, மின்சாரம் விளையும் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. கார்பன் வழியே போவது காந்தத்தை உயிர்ப்பிக்கும் ஓரிரு ஆம்பியர்தான். விளைந்ததை ஆறு டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்பி வெளியே அனுப்புகின்றன. ஆக, ஆல்டர்னேட்டரின் வாயிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். பெயரில் உள்ள ‘மாறி மாறி’ உறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பன்னிரண்டு காந்தமுனைகள் கொண்ட சுழலி நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால், உள்ளே மின்னோட்டம் நொடிக்கு 600 முறை அலைகிறது. எல்லா டையோடும் நலமாக இருக்கும்வரை விமானிக்கு இது பெரும்பாலும் தெரியாது. ஒன்று செத்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கை ஒலி ஹெட்செட்டில் கேட்கத் தொடங்கலாம். சொல்லின் மூலப்பொருள் காதில் விழுவது அப்போதுதான்.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மாறுதிசை மின்னோட்ட மின்னியற்றி’ என்கின்றன. இலங்கையில் மாறுதிசை மின்னோட்டம் ‘ஆடலோட்டம்’, ஜெனரேட்டர் ‘பிறப்பாக்கி’. ஆடலோட்டம் அழகான சொல். ஊஞ்சலைக் கண்முன் நிறுத்துகிறது. பாடநூல் சொல் துல்லியமானது, ஆனால் விமானத்தில் ஸ்விட்சின் மேல் பெயராக ஒட்டினால் ஸ்விட்ச் மறைந்துபோகும்.

நான் எதிர்ப்பது ‘மாற்றி’ என்று முடியும் ஆக்கங்களை. ‘மின்மாற்றி’ ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மருக்கு உரியது. அதைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. ஆல்டர்னேட்டர் எதையும் மாற்றுவதில்லை. அதனுள் விளையும் மின்னோட்டம் தானே மாறுகிறது. எனவே மாறு + மின் + இயற்றி, ‘மாறுமின்னியற்றி’ என்பதே என் தேர்வு. செய்யுளை இயற்றுவதும் மின்னை இயற்றுவதும் ஒரே வினைதான். பட்டறையில் ஆல்டர்னேட்டர் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். அதில் எனக்கு வழக்கில்லை.

இன்னொரு ‘மாற்று’ காத்திருக்கிறது. பழுதானதை எடுத்துவிட்டுப் புதிதைப் பூட்டுவதும் மாற்றுவதுதான். விமானம் கட்டுகிறவர்கள் இதில் அவசரப்படக் கூடாது. சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றத் தோன்றும். குற்றம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும்: தளர்ந்த பெல்ட், அதிர்வில் விரிசல் விட்ட தாங்கி, தடித்த கம்பியின் முனையில் முறிந்த வளையம். சிறு விமானங்களில் பரவலாக உள்ள லைகமிங் எஞ்சினில் பெல்ட் புரொப்பெல்லருக்குப் பின்னால் ஓடுகிறது. அதை மாற்ற புரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். அதனால் சிலர் உபரி பெல்ட் ஒன்றை முன்கூட்டியே அங்கே மாட்டிக் கட்டிவைத்துவிடுகிறார்கள்.

கார் ஆல்டர்னேட்டரை அப்படியே பூட்டினால் வேறு சங்கடங்களும் உண்டு. லைகமிங்கின் பெல்ட் சக்கரம் பெரியது, காரின் புல்லி சிறியது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 முறை சுற்றினால் ஆல்டர்னேட்டர் மூன்று நான்கு மடங்கு வேகத்தில் பறக்கும். பெரிய புல்லி போட்டு இதைத் தணிக்கிறார்கள். சுழலும் திசையும் பெரும்பாலான கார்களுக்கு நேர் எதிர். மின்சாரத்துக்கு அது பொருட்டில்லை, எப்படிச் சுற்றினாலும் விளையும். வளைந்த இதழ் கொண்ட குளிர்விசிறிக்கு அது பொருட்டு. எதிர்த்திசையில் அது நன்றாகக் காற்றடிக்காது, சூட்டில் டையோடுகள் சாகும்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது நிறுத்தும் சிக்கல். கார் ஆல்டர்னேட்டரின் வயிற்றுக்குள்ளேயே மின்னழுத்தச் சீராக்கி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மெல்லிய கம்பி பல வகைகளில் எழுப்பிவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. எழுந்தபின் அது தன் விளைச்சலைத் தானே தின்று ஓடும். விமானி ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். சீராக்கி கெட்டு மின்னழுத்தம் 16 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் ரேடியோவிலிருந்து பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் ஆபத்து. வெளியேறும் தடித்த கம்பியை ஓட்டத்தின் நடுவே துண்டித்தாலோ, போக இடமில்லாத மின்சாரம் அழுத்தமாக எகிறி ஆல்டர்னேட்டரையே கொன்றுவிடலாம். எனவே அனுபவசாலிகள் பலர் உள் சீராக்கியை எடுத்துவிட்டு, காந்தச் சுருளின் கம்பியை வெளியே இழுத்து, தனிச் சீராக்கியோடு இணைக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறினால் ஒரு காவல் சுற்று அந்தக் கம்பியின் 5 ஆம்பியர் பிரேக்கரைத் தட்டிவிடும். காந்தம் செத்தால் மின்சாரமும் இல்லை.

இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் கதை வேறு. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்தில் சுழல்வது நிலைக்காந்தம். கார்பனும் இல்லை, பெல்ட்டும் இல்லை, விளைச்சல் சுமார் 250 வாட். நம் மிதிவண்டிக் குப்பியின் அண்ணன். அங்கே சூட்டில் தவிப்பது வெளியே வைத்த சீராக்கிப் பெட்டி. அதற்குக் காற்றோட்டம் கொடுத்தே ஆகவேண்டும். அந்த எஞ்சினின் கையேடு இதை ஜெனரேட்டர் என்றும், விரும்பினால் பெல்ட்டோடு சேர்க்கும் இன்னொன்றை ஆல்டர்னேட்டர் என்றும் சொல்கிறது. மாறி மாறி விளைவதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. நம் பட்டறைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

பேட்டரியின் உதவியின்றித் தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ வைத்த எஞ்சின் ஆல்டர்னேட்டர் செத்தாலும் ஓடும். மின்னணுப் பற்றவைப்பு வைத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 17 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால், 5 ஆம்பியர் சுமையை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்பது கணக்கு. பழையதானால் பாதி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். அதனால் லைகமிங்கில், வெற்றிடப் பம்பு உட்கார வேண்டிய இடத்தில், 8 ஆம்பியர் தரும் நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் ஒன்றைச் சிலர் பூட்டுகிறார்கள். ரேடியோவும் வழிகாட்டியும் ஓட அது போதும்.

இந்த இரண்டாவதை ‘மாற்று மின்னியற்றி’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. மாறுமின்னியற்றிக்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. அவசரத்தில் கண் தவறும். பழுதானதற்குப் பதிலாக வருவது ‘பதிலி’. கூடவே இருந்து கைகொடுப்பது ‘துணை’. ஸ்விட்சுகளின் மேல் ‘முதன்மை மின்னியற்றி’, ‘துணை மின்னியற்றி’ என்று ஒட்டினால் போதும். ‘மாறு’ என்பது ஸ்விட்சில் வேண்டாம், விளக்கக் குறிப்பில் இருந்தால் போதும்.